விடியற்காலைக் காய்ச்சல்

நர்சிங்கில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் பெண்கள் சிலர் அவ்வப்போது என் வீட்டுக்கு வருகிறார்கள். ஆராய்ச்சி எப்படிச் செய்வது என்று பல்கலைக்கழகத்தில் அவர்களுக்குப் பாடம் நடத்துகிறார்கள். அது போதாதென்று என்னையும் கேட்கிறார்கள். எனக்கு அந்தப் பட்டம் கிடையாது. நான் வேலை பார்த்த காலத்தில் நர்சுக்கும் ஆராய்ச்சிக்கும் சம்பந்தம் உண்டு என்று யாராவது சொல்லியிருந்தால், எங்கள் பெரிய சிஸ்டர் முதலில் அவளுக்குப் பேதிக்குக் கொடுத்திருப்பார். ஆனாலும் தேடி வந்து கேட்கிறார்களே என்று, எனக்குத் தெரிந்த ஒரே ஒரு ஆராய்ச்சியைச் சொல்லுவேன். அது யுத்த காலத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வேலை பார்த்த மிஷன் பெண்கள் ஆஸ்பத்திரியில் நடந்தது.

அந்த வருஷம் எங்களுக்குப் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தார். மதராசில் படித்தவர். பேறுகாலத்தில் தாய்மார்கள் ஏன் சாகிறார்கள் என்று அங்கே நடந்த ஒரு ஆராய்ச்சியில் வேலை பார்த்தவர். எண்ணிப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். வார்டில் எத்தனை கொசுவலையில் ஓட்டை இருக்கிறது என்று அவர் கேட்ட முதல் நாளே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. பெரிய சிஸ்டருக்குப் பிடிக்கவில்லை.

அவர் வருவதற்கு முன் பிள்ளை பெற்றவர்களுக்குக் காய்ச்சல் பார்ப்பதெல்லாம் நினைத்தால்தான். டாக்டர் சுற்றி வரும்போது, பத்து மணிக்கு மேல், முகம் வாடியிருப்பவளுக்கு மட்டும் பார்ப்போம். இவர் அதை மாற்றினார். ஒவ்வொரு தாய்க்கும் விடியுமுன் ஒரு தடவை, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு தடவை வாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். யுத்தத்தால் சீமைச் சாமான்கள் வருவது நின்றிருந்தது. வார்டுக்கு ஒரே தெர்மாமீட்டர்தான். கிருமி கொல்லும் லோஷன் நிறைந்த கண்ணாடித் தம்ளரில் அது நின்றுகொண்டிருக்கும். பிறந்த பிள்ளையைக்கூட நாங்கள் அத்தனை பயத்தோடு தூக்கியதில்லை.

டாக்டரம்மா வந்து ஒரு மாதம் ஆவதற்குள் வார்டில் காய்ச்சல் வந்துவிட்டது. பிள்ளை பெற்ற மூன்றாம் நாள், நாலாம் நாள், விடியற்காலையில் பார்த்தால் நூறைத் தாண்டி நிற்கும். ஒருத்திக்கு அல்ல, பாதிப் பேருக்கு. குளிர் இல்லை, அடிவயிற்றில் வலி இல்லை, பால் குறையவில்லை. சாயங்காலம் பார்த்தால் காய்ச்சல் இருந்த இடம் தெரியாது. காய்ச்சல் என்றால் சாயங்காலம் ஏறுவதுதான் வழக்கம். இது தலைகீழாக இருந்தது.

பிளவக்கல், மகாராஜபுரம் பக்கம் மலையடிவாரத்திலிருந்து வருகிறவர்களுக்கு மலேரியா இருக்கலாம் என்று முதலில் ரத்தம் எடுத்துப் பார்த்தோம். அதில் ஒன்றும் தெரியவில்லை. தெரியாவிட்டாலும் இருக்கட்டும் என்று குவினைன் கொடுத்தோம். அதைக் குடித்துவிட்டுக் காது அடைக்கிறது, தலை சுற்றுகிறது என்று பெண்கள் அழுதார்கள். காய்ச்சல் விடும்வரை வீட்டுக்கு அனுப்பமாட்டோம் என்றும் சொல்லிவிட்டோம். நாற்று நடுகிற நேரத்தில் மகளுக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் அடைந்து கிடக்கும் அம்மாமார்கள் எங்களைத் திட்டியதில் தப்பே இல்லை.

டாக்டரம்மாவுக்குப் பயம். பேறுகாலக் காய்ச்சலில் கொத்துக் கொத்தாகச் செத்தவர்களை அவர் மதராசில் பார்த்திருக்கிறார். கழுவாத கை ஒன்று போதும், ஒரு வார்டையே காலி பண்ண. அவர் என்னைக் கூப்பிட்டார்.

"உனக்கு எதையும் நோண்டி நோண்டிக் கேக்கற குணம் இருக்கு. அதை உருப்படியா ஒரு வேலைக்குப் பயன்படுத்து. இந்தக் காய்ச்சல் யார் கையிலேருந்து வருதுன்னு நீ கண்டுபிடிக்கணும்."

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. யாராவது புகழ்ந்தால் இரண்டு நாள் தரையில் கால் பாவாது. டாக்டரம்மா தினமும் மத்தியானம் என்னை உட்கார வைத்துப் பாடம் சொன்னார். யார் தொட்டார்கள், எப்போது தொட்டார்கள், எதைக் கொண்டு தொட்டார்கள் என்று கேட்கச் சொன்னார். 'தெரியும்' என்று நான் சொன்னால் பிடிக்காது, 'பார்த்தேன்' என்றுதான் சொல்ல வேண்டும். ஒருத்தி சொல்லும் பதிலுக்கு நான் முகத்தைச் சுளிக்கவும் கூடாது, தலையாட்டவும் கூடாது என்றார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. என் முகம் என் பேச்சைக் கேட்காது.

கேட்டு முடித்தபோது எல்லாம் ஒரே ஆளிடம் போய் நின்றது. அவள் என் சிநேகிதி.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நானும் அவளும் ஒன்றாகப் பயிற்சி பெற்றவர்கள். எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வேதக்கார வீடு, கிறிஸ்தவக் குடும்பம். பெண் நர்சாகப் போவது அங்கே பெரிய விஷயமில்லை. அவள் ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் வீட்டுப் பெண். பதினாறு வயதில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். அங்கே அவளுக்கு இருந்தது பின்கட்டில் ஒரு அறை, அண்ணியின் சமையல், அவ்வளவுதான். நல்ல காரியம் நடந்தால் அந்த அறைக் கதவையும் சாத்திக்கொள்ள வேண்டும். அண்ணனிடம் ஒரு வருஷம் மன்றாடி நர்ஸ் படிப்புக்கு வந்து சேர்ந்தாள். "ஒரு சொல்லு உன்னப் பத்திக் காதுல விழுந்துச்சுன்னா அன்னைக்கே வண்டி கட்டி வந்துருவேன்" என்று சொல்லித்தான் அவர் அனுப்பினார். இந்த வேலை போனால் அவளுக்கு அந்தப் பின்கட்டைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது.

வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் அவளுக்கு எப்போதும் இரவு டூட்டிதான். பகலில் சொந்தக்காரர்கள் பிள்ளை பார்க்க வருவார்கள். ராஜபாளையத்திலிருந்து வருகிறவர்களுக்கு அவளைத் தெரியும். "சந்தோசமா பிள்ள பாக்க வந்தா, இந்தப் பொண்ணா எதுக்க வரணும்?" என்று ஒரு தடவை யாரோ முகம் சுளித்தார்கள். அன்றிலிருந்து பெரிய சிஸ்டர் அவளை இரவுக்கு மாற்றிவிட்டார். ராத்திரியில் விளக்கு அவள் கையில்தான் இருக்கும், வெளிச்சம் மற்றவர்கள் முகத்தில்தான் விழும், யாருக்கு என்ன தெரியப் போகிறது என்பது அவர் கணக்கு. என் சிநேகிதி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. எங்களுக்கும் அது பழகிவிட்டது.

இரவு நர்சின் கடைசி வேலைகள்தான் தாய்மார்களைக் கழுவித் துடைத்துத் துணி மாற்றுவதும், விடியுமுன் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பதும். தொட்டது அவள். காய்ச்சல் கண்டதும் அவள் கையில்தான். சனிக்கிழமை ராத்திரி மட்டும் அவளுக்கு ஓய்வு. அன்று வேறு ஒருத்தி இரவு வேலை பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வார்டில் காய்ச்சலே இருக்காது. இதைப் பார்த்ததும் டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

ஒரே ஒரு நாள் இறங்கி, மறுநாள் மறுபடி ஏறுகிற தொற்று உலகத்தில் எங்கேயாவது உண்டா? இன்று என்னிடம் வரும் பெண்களில் யாராக இருந்தாலும் இதைக் கேட்டுவிடுவார்கள். அன்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. பதில் அவ்வளவு பொருத்தமாக இருந்தது.

வார்டில் துணைக்கு இருந்த பெண்களுக்கு எங்கள் விசாரணையே தேவைப்படவில்லை. கைராசியில்லாதவள் தொட்டால் காய்ச்சல் வராமல் என்ன செய்யும் என்று அவர்கள் முன்னமே முடிவு கட்டியிருந்தார்கள். மதராசில் படித்த டாக்டரம்மா எண்ணிப் பார்த்துச் சொன்னதும், ஆஸ்பத்திரி அடுப்படியில் உட்கார்ந்து அவர்கள் சொன்னதும் ஒன்றாகவே இருந்தன.

டாக்டரம்மா கொடுமைக்காரர் அல்ல. உடனே வெளியே போ என்று சொல்லவில்லை. இரண்டு வாரம் அவள் துணி அறையில் இருக்கட்டும், தாய்மார்களைத் தொட வேண்டாம், அவள் இடத்தில் நீ இரவு வேலை பார், காய்ச்சல் நிற்கிறதா என்று பார்ப்போம் என்றார். நின்றுவிட்டால் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்றும் சொன்னார்.

துணி அறையில் அவளைப் பார்க்கப் போனேன். வெளுத்து வந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் முழங்கைவரை சிவந்து தோல் உரிந்திருந்தது. லோஷனைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றித் தேய்த்திருக்கிறாள்.

"என்னட்டி பண்ணி வச்சிருக்க? புத்தி கெட்டுப் போச்சா?" என்றேன். எனக்குக் கோபம் வந்தால் அழுகையும் சேர்ந்து வரும்.

"எனக்கே சந்தேகமா இருக்குட்டி. எம்புட்டுக் கழுவுனாலும் போகாத ஏதோ ஒண்ணு எங்கிட்ட இருக்கு போல. எங்க மாமியாரும் இதத்தான சொன்னாக."

"ஒங்க மாமியாருக்கு வேற வேலையில்ல."

"அவியளுக்கு வேலையில்ல, சரி. டாக்டரம்மாவுக்குமா வேலையில்ல?"

அவள் கையை எடுத்து தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு வந்தேன். மூன்று வருஷம் அவளோடு ஒரே அறையில் படுத்திருக்கிறேன். அவள் அழுது அன்றுதான் முதலில் பார்த்தேன்.

அந்த வாரம் நான் இரவு வேலைக்குப் போனேன். கையைக் கழுவுவதில் ஒரு குறையும் வைக்கவில்லை. விடியற்காலையில் தெர்மாமீட்டர் வைத்தேன். நூறும் அதற்கு மேலும் காட்டியது. அடுத்த நாளும் அப்படித்தான். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். தாய்மார்களுக்குக் காய்ச்சல் அடிக்கிறதே என்று சந்தோஷப்பட்ட நர்ஸ் நான் ஒருத்திதான் இருப்பேன். ஓடிப்போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்படவில்லை. "அவ விட்டுட்டுப் போனது வார்டிலேயே தங்கியிருக்கலாம்" என்றார். கட்டில்களை வெயிலில் போட்டோம், தரையைக் கழுவினோம், மெத்தைகளை அடித்தோம். காய்ச்சல் மட்டும் அசையவில்லை. வார்டுப் பெண்கள் அந்த மெத்தைகளையே சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

பிடி கிடைத்தது ஒரு துண்டுப் பஞ்சில். மகாராஜபுரத்து விவசாயி வீட்டுப் பெண் ஒருத்தி, தலைப்பிள்ளை, நாலாம் நாள். அவள் வாயிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து, எண்ணைப் பார்த்துவிட்டுப் பஞ்சால் துடைத்தேன். பஞ்சில் எண்ணெய்ப் பிசுக்கும் பழுப்புக் கறையும் ஒட்டியிருந்தன. மோந்து பார்த்தேன். பெருங்காயம், சுக்கு, கருப்பட்டி. எந்த வீட்டில் பிறந்தவளுக்கும் அந்த வாசனை தெரியும். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற காயம் என்கிற மருந்து. நெல்லிக்காய் அளவு உருட்டி, நல்லெண்ணெயில் தோய்த்து, வெறும் வயிற்றில் விழுங்கச் செய்து, நாக்கு தாங்குகிற சூட்டில் வெந்நீர் கொடுப்பார்கள். மூன்றாம் நாள் தொடங்குவது வழக்கம். விடிந்த பிறகு கொடுத்தால் உடம்பில் பிடிக்காது என்பார்கள். வெளி மருந்து எதுவும் உள்ளே வரக்கூடாது என்று டாக்டரம்மா வந்ததும் உத்தரவு போட்டிருந்தார்.

"என்ன சாப்பிட்ட?"

"ஒண்ணுமில்லியே நர்சம்மா" என்று அந்தப் பெண் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டாள்.

கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்திருந்த அவள் அம்மாவின் மடியில் ஒரு பித்தளைத் தம்ளர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. முந்தானையால் அதை மூடினாள். சூடு தாங்காமல் மறுபடி திறந்தாள். சிரிப்பை அடக்க எனக்குப் பெரும்பாடாகிவிட்டது. முகத்தைச் சுளிக்காமல், தலையாட்டாமல், டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி கேட்டேன்.

"எப்பம்மா குடுத்தீக?"

"டாக்டரம்மாட்ட சொல்லிருவீகளா?"

"திட்டமாட்டாக. நான் பாத்துக்கிடுதேன். எப்பக் குடுத்தீக?"

"இப்பத்தான். நீங்க லோசன் சுட வைக்கப் போவீகள்ல, அந்தச் செத்த நேரத்துலதான் எல்லாரும் குடுக்குறது. பழைய நர்சம்மா இருக்கையிலயும் அப்பிடித்தான். பிள்ள பெத்த ஒடம்பு, மருந்து குடுக்காம எப்பிடி வச்சிருக்க? நீங்களே சொல்லுங்க."

வார்டைத் திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டிலுக்கும் கீழே ஒரு முந்தானை எதையோ மூடிக்கொண்டிருந்தது. தாய்மார்கள் வாயில் வெந்நீரின் சூடு ஆறுவதற்குள் நாங்கள் தெர்மாமீட்டரை வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை புதிரும் அங்கேயே அவிழ்ந்தது. அன்று மட்டும் முதலில் எங்களுக்கு ஜெபம், பிறகுதான் தெர்மாமீட்டர். அதற்குள் வாய் ஆறிவிடும்.

டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவர் நம்பினார், ஆனால் ஏற்றுக்கொள்ளவில்லை. இரண்டும் வேறு என்பதை அன்றுதான் கற்றேன். ஒரு பஞ்சை வைத்து ஒருத்தியைக் குற்றவாளி ஆக்கவும் கூடாது, விடுவிக்கவும் கூடாது என்றார். தடையை எடுத்துவிட்டு, காயத்தை எல்லோர் முன்னாலும் கொடுக்கச் சொன்னார். கொடுப்பதற்கு முன் வாயில் பார்த்தோம். கொடுத்ததும் வாயிலும் அக்குளிலும் பார்த்தோம். அரை மணி கழித்து மறுபடி வாயில் பார்த்தோம். வாய் மட்டும் ஏறி இறங்கியது. அக்குள் ஒரே நிலையில் நின்றது. இதை ஒரு வாரம் தினமும் செய்தோம்.

கடைசி நாள் டாக்டரம்மா மகாராஜபுரத்து அம்மாளிடம் கையை நீட்டினார். "எனக்கும் ஒரு உருண்டை குடுங்க."

விழுங்கிவிட்டு, கண்ணில் நீர் வர, வெந்நீரைக் குடித்தார். நான் அவர் வாயில் தெர்மாமீட்டர் வைத்தேன். நூற்றொன்று.

"ஏ ஆத்தா, டாக்டரம்மாவுக்கும் காய்ச்சல்" என்றாள் அந்த அம்மாள். "அந்தக் கசப்பு மருந்த அவியளுக்கும் ஊத்துங்க." வார்டே சிரித்தது. டாக்டரம்மாவும் தெர்மாமீட்டரை எடுத்துவிட்டுச் சிரித்தார். பெரிய சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

அன்று மத்தியானம் என் சிநேகிதியை டாக்டரம்மா தன் அறைக்குக் கூப்பிட்டார். நானும் பெரிய சிஸ்டரும் இருந்தோம். அவள் கை ஆறிக்கொண்டிருந்தது. வாசல் அருகில் வந்து நின்றாள். நடந்ததை டாக்டரம்மா ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். காய்ச்சலே இல்லை, உன் கையில் ஒரு குற்றமும் இல்லை, நான் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டேன், என்னை மன்னித்துக்கொள் என்றார். அந்தக் காலத்தில் ஒரு டாக்டர் ஒரு நர்சிடம் இப்படிப் பேசிக் கேட்டதில்லை. அவள் டாக்டரம்மா காலில் விழுந்து நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் அசையவில்லை.

"நாளை ராத்திரியிலேருந்து நீ பழையபடி டூட்டிக்கு வரலாம்" என்றார் டாக்டரம்மா.

"காய்ச்சல் நெசமாவே இருந்திருந்தா, டாக்டரம்மா?"

"என்ன கேக்கற?"

"நெசமாவே காய்ச்சல் அடிச்சிருந்தாலும் எம்பேருதான வந்திருக்கும். ராத்திரியெல்லாம் நான் ஒருத்திதான. விடியுமுன்ன வார்டுல எது நடந்தாலும் அங்க நிக்கிறது நாந்தான். என்னய அங்க நிறுத்தினது யாரு?"

பெரிய சிஸ்டர் குறுக்கே வந்தார். "வாறவங்க ஏதாச்சும் சொல்லுதாக. உன் மனசு நோகக்கூடாதுன்னுதான்..."

"அவிய வாயால சொன்னாக. டாக்டரம்மா எண்ணிப் பாத்துச் சொன்னாக. ரெண்டும் ஒண்ணாத்தான சிஸ்டர் வந்துச்சு?" அவள் குரலை உயர்த்தவே இல்லை. "எனக்குப் பகல் டூட்டி வேணும். எல்லாருக்கும் மாறி மாறி வருதுல்ல, அது மாதிரி."

காய்ச்சலுக்கு இத்தனை காரணம் தேடினேன், யார் எப்போது எதைத் தொட்டார்கள் என்று வார்டு முழுக்கக் கேட்டேன். அவளை ஏன் எப்போதும் இரவில் வைத்திருக்கிறோம் என்று மட்டும் நான் கேட்கவில்லை. டாக்டரம்மாவும் கேட்கவில்லை. முனைவர் பட்டத்துப் பெண்கள் இந்த இடம் வந்ததும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள்.

டாக்டரம்மா எழுந்து போய், சுவரில் தொங்கிய டூட்டிப் பலகையில் அவள் பெயரை அழித்து, பகல் பக்கத்தில் எழுதினார். பெரிய சிஸ்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் பிள்ளை பார்க்கிற நேரத்துக்குக் கதவைத் திறந்தது அவள்தான். தொப்பியை நேராக வைத்திருந்தாள். ராஜபாளையத்திலிருந்து ஒரு கூட்டம் வந்தது. முன்னால் வந்தவள் பிள்ளையின் அத்தை. பட்டுப் புடவை, கையில் வெள்ளி அரைஞாண், கூடை நிறைய பழம். என் சிநேகிதியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். உள்ளே வேறு யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். நான் இருந்தேன். எழுந்து போய்விடலாமா என்று கால் பரபரத்தது. போகக்கூடாது என்று உட்கார்ந்திருந்தேன்.

என் சிநேகிதி உள்ளே போய்த் தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்துக்கொண்டு வந்தாள். தோல் புதிதாக வளர்ந்திருந்த கையில் வைத்துக்கொண்டு வாசல் நடுவில் நின்றாள்.

"மருமகனத் தூக்கணும்னா எங்கையிலேருந்துதான் வாங்கணும்" என்றாள்.

அந்த அம்மாள் அவள் முகத்தையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிள்ளை கொட்டாவி விட்டது. பழக்கூடையைக் கீழே வைத்துவிட்டு, அத்தை இரண்டு கையையும் நீட்டினாள்.